கதை சொல்ல மட்டும் போகாதீர்கள்

அன்புள்ள ஐயா,

எனக்கு இருமுனைக் கோளாறு, அதாவது மனம் சில காலம் எல்லைமீறிய உற்சாகத்திலும் சில காலம் ஆழ்ந்த சோர்விலும் இருக்கும் நோய். பல வருடமாக மருந்து எடுக்கிறேன், வேலைக்கும் போகிறேன். மனநலச் செவிலியம் படிக்கும் மாணவர்களிடம் என் அனுபவத்தைப் பேசக் கூப்பிட்டார்கள். பேசினேன். சிலர் அழுதார்கள், எல்லோரும் கைதட்டினார்கள். வீடு திரும்பியபின் சில நாள் யாரிடமும் பேசவே பிடிக்கவில்லை. மறுபடியும் அழைக்கிறார்கள். போகலாமா? நான் பேசுவதால் அவர்களுக்கு உண்மையில் என்ன பயன்?
ஆர்.

அன்புள்ள ஆர்.,

பயனை முதலில் சொல்கிறேன். மாணவர்கள் நோயாளியைச் சந்திப்பது பெரும்பாலும் வார்டில், நோய் உச்சத்தில் இருக்கும்போது. தேறி, உங்களைப்போல வேலைக்குப் போகிறவர் அங்கே கண்ணில் படுவதில்லை. நெடுநாள் தேறாதவர்களையே திரும்பத் திரும்பப் பார்ப்பதால், நோயே இப்படித்தான் என்று சிகிச்சை தருபவர்கள் நம்பிவிடுகிறார்கள். பட்ரிஷியா கோஹன், ஜேக்கப் கோஹன் என்ற ஆய்வாளர்கள் 1984இல் இதை மருத்துவரின் மாயை என்று எழுதினார்கள். அந்த மாயை மாணவப் பருவத்திலேயே வேர்விடுகிறது. நீங்கள் வகுப்பில் வந்து நிற்பதே அதற்கு ஒரு மறுப்பு.

இன்னொன்று. ‘மருந்தை ஒழுங்காக எடுப்பதில்லை’ என்று கேஸ் ஷீட்டில் ஒரு வரியில் எழுதிவிடுவார்கள். இந்த நோய்க்குத் தரும் லித்தியம் என்ற மருந்தை எடுப்பவருக்குக் கை நடுங்கலாம், ஓயாமல் தாகமெடுக்கலாம். மனம் பறந்த அந்த நாட்களின் வேகத்துக்குச் சிலர் ஏங்கவும் செய்வார்கள். நிறுத்தத் தோன்றிய நாளில் மனதில் என்ன ஓடியது, செவிலியர் எப்படிக் கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பீர்கள் என்பதை உங்களிடமிருந்துதான் கற்க முடியும்.

ஆனால் உங்களுக்கு நேர்ந்தது வேறு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிஸின் சல்பெத்ரியே மருத்துவமனையில் ஷார்க்கோ என்ற நரம்பியல் மருத்துவர், நோயாளிகளைப் பார்வையாளர் முன் நிறுத்திப் பாடம் நடத்தினார். விளக்கம் சொன்னவர் அவர், நோயாளி காட்சிப்பொருள். இன்று நோயாளியே பேசுகிறார் என்றாலும், அழவைத்துவிட்டு அனுப்பினால் அந்த வகுப்புக்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை. அழுத மாணவர் மறுநாள் வார்டில் எதை மாற்றிச் செய்தார்? அதை யாராவது கேட்டார்களா?

பட்ரிஷியா டீகன் பதின்வயதில் ஸ்கிசோஃப்ரினியா (மனச்சிதைவு) என்று கண்டறியப்பட்டவர், பின்னாளில் உளவியலாளர் ஆனவர். அவர் உருவாக்கிய பயிற்சியில் மாணவர்கள், இந்த நோயுள்ளவர்களுக்குக் கேட்பது போன்ற குரல்களை ஹெட்ஃபோனில் கேட்டுக்கொண்டே சாதாரண வேலைகளைச் செய்து பார்க்க வேண்டும். தன் காயத்தைத் திறந்து காட்டாமலேயே தன் அறிவைப் பாடமாக்கிவிட்டார். எனக்கு மிகவும் பிடித்த வழி இது.

இங்கிலாந்தில் 2003இல் தொடங்கிய சமூகப்பணிப் பட்டப்படிப்பில், சேவை பெறுவோரையும் பராமரிப்போரையும் பாடத்திட்ட அமைப்பிலேயே சேர்க்க வேண்டும் என்பது விதி. விதி இருந்தால் எல்லாம் சரியாகிவிடாது, ஆனாலும் கேட்பதற்கு ஒரு பிடி கிடைக்கிறது.

எனவே போவதற்கு முன் பேசி முடியுங்கள். எதைச் சொல்லமாட்டீர்கள் என்பதை முன்பே தெரிவியுங்கள். எந்தக் கேள்விக்கும் பதில் மறுக்கலாம். மற்ற சிறப்பு விரிவுரையாளருக்குத் தரும் ஊதியம் உங்களுக்கும் வேண்டும், இதில் கூச்சம் வேண்டாம். வகுப்பு முடிந்ததும் உங்களோடு உட்கார்ந்து பேச ஒருவர் இருக்க வேண்டும். நன்றி சொல்லும் நோயாளிகளை மட்டும் அழைக்கிறார்களா என்றும் கேளுங்கள். சிகிச்சைமேல் கோபமாக இருப்பவர் பேசாத வகுப்பு அரைகுறை.

மாணவர்கள் உங்களிடம் நேர்காணல் செய்து பழகவும், அவர்கள் கேட்ட விதத்தைப் பற்றி நீங்கள் கருத்துச் சொல்லவும் இடம் கேளுங்கள். ஒப்புக்கொண்டால் போங்கள். வெறும் கதை போதும் என்றால் இந்த முறை மறுத்துவிடுங்கள்.