வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்பதும் ஒரு படிப்பா?

வணக்கம் அம்மா. மகள் பொது சுகாதாரம்தான் படிப்பேன், அதிலும் குடும்பங்களின் உடல்நலப் பழக்கங்களை ஆராயும் வேலைக்குத்தான் போவேன் என்று பிடிவாதமாக நிற்பதாக எழுதியிருந்தீர்கள். "டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை, வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்பதெல்லாம் ஒரு படிப்பா?" என்றும் கேட்டிருந்தீர்கள். அந்தக் கேள்வி கேட்கிற காரியத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். இந்தத் துறைக்கு உயிரே அதுதான்.

ஒரு வீட்டில் போய், "தினமும் காய்கறி, பழம் சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டால் பெரும்பாலோர் ஆமாம் என்பார்கள். அது பொய் சொல்லும் எண்ணம் இல்லை. வந்தவர் முன்னால் நல்லதாகச் சொல்லத்தான் யாருக்கும் தோன்றும். பயிற்சி பெற்றவர் அப்படிக் கேட்க மாட்டார். "நேற்று எழுந்ததும் முதலில் என்ன குடித்தீர்கள்? அப்புறம்?" என்று முந்தைய 24 மணி நேரத்தையும் படிப்படியாக நினைவுபடுத்திக் கேட்பார். நடுவில் பக்கத்தில் இருக்கும் பிள்ளை, "ராத்திரி நீ சாப்பிடவே இல்லையேம்மா" என்று குறுக்கிடும். அந்த வீட்டில் கடைசியாகச் சாப்பிடுவது யார், சாப்பாடு பற்றாமல் போனால் விட்டுக்கொடுப்பது யார் என்று அடுத்து கேட்க அங்கே வழி திறக்கும். ரத்தப் பரிசோதனையில் இது தெரியாது.

இப்படித் தெரிந்துகொண்டு என்ன ஆகப்போகிறது என்பீர்கள். ஃபின்லாந்தின் வட கரேலியா பகுதியில் ஒரு காலத்தில் நடுத்தர வயது ஆண்கள் மாரடைப்பில் அடுத்தடுத்து இறந்துகொண்டிருந்தார்கள். 1972-இல் அங்கே ஒரு திட்டம் தொடங்கியது. தலைமையேற்ற பெக்கா புஸ்காவுக்கு அப்போது 30 வயதுகூட ஆகவில்லை. அவருடைய குழு மருத்துவமனையோடு நிற்காமல் இல்லத்தரசிகள் சங்கத்தோடு கைகோத்து, கொழுப்பும் உப்பும் குறைந்த சமையலை வீடுகளுக்குக் கொண்டுபோனது. புகைப்பழக்கத்தைக் கைவிடவும் உதவியது. சில பத்தாண்டுகளில், உழைக்கும் வயது ஆண்களிடையே இதயநோய் மரண விகிதம் 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. நாடு முழுவதுமே அது குறைந்தது என்பதால் மொத்தப் பெருமையையும் அந்தத் திட்டத்துக்கே கொடுக்க முடியாது. எது எவ்வளவு உதவியது என்று பிரித்துப் பார்ப்பதும் உங்கள் மகள் கற்கப்போகும் வேலைதான். அதற்குத்தான் புள்ளியியல்.

ஆகவே, பெரிய பெயர் இருக்கிறதே என்று ஒரு கல்லூரியைப் பிடிக்காதீர்கள். எபிடெமியாலஜியும் (நோய் யாருக்கு, எங்கே, ஏன் வருகிறது என்று ஆராயும் படிப்பு) புள்ளியியலும் ஒப்புக்கு ஒரு தாளாக இல்லாமல் ஆழமாக இருக்கின்றனவா, களப்பணி எத்தனை வாரம், ஒப்புதல் வாங்குவது, சொன்னதை ரகசியமாகக் காப்பது போன்ற நெறிமுறைகளைச் செய்துபார்த்துக் கற்கிறார்களா என்று விசாரியுங்கள். இளநிலையில் புள்ளியியல், செவிலியம், ஊட்டச்சத்து, உளவியல், சமூகப்பணி என எது படித்திருந்தாலும் பொது சுகாதார முதுநிலைக்கு வருபவர்கள் உண்டு. கணக்கு பிடிக்காமல் வருபவர்கள்தான் சிரமப்படுகிறார்கள்.

வேலை விஷயத்தில் உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. ஆரம்பத்தில் ஆய்வு உதவியாளர் வேலை பெரும்பாலும் ஒப்பந்தத்தில்தான் கிடைக்கும். நிதி தீர்ந்தால் ப்ராஜெக்ட்டும் முடியும். தலைமை ஆய்வாளராக வேண்டுமென்றால் முனைவர் பட்டம் வரை போகத் தயாராக இருக்க வேண்டும். களத்தில் பேசவும் தெரிந்து, திரட்டிய தரவை ஆர், ஸ்டாட்டா போன்ற மென்பொருளில் அலசவும் தெரிந்தவர்களுக்கு அடுத்த வேலை சீக்கிரம் அமைகிறது. பொறுமையும் வேண்டும். அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் நகரில் 1948-இல் 5,209 பேரோடு தொடங்கிய இதய ஆய்வு, 1971-இல் அவர்களுடைய பிள்ளைகளையும் 2002-இல் பேரப்பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டது. ஆரம்பித்தவர்களே முடிவையும் பார்க்கிற வேலை இல்லை இது.

சரி, சேர்ப்பதா வேண்டாமா? அதற்கு முன்னால், ஏதாவது ஓர் ஆய்வுக்குழுவில் அனுமதி வாங்கி ஒரு வாரம் களத்துக்குப் போய்வரச் சொல்லுங்கள். இரண்டு வீட்டில் கதவைச் சாத்துவார்கள், மூன்றாவது வீட்டில் ஒரு மணி நேரம் விடாமல் பேசுவார்கள். திரும்பி வந்ததும் "எப்படி இருந்தது?" என்று கேட்காதீர்கள், "நல்லா இருந்தது" என்று முடித்துவிடுவாள். "காலையில் முதலில் எந்த வீட்டுக்குப் போனாய்? அப்புறம்?" என்று கேளுங்கள்.