குளிர்காலப் பணம் யாருக்கு? இங்கிலாந்தில் உறவுகள் உள்ள வேலூர்க்காரர்களுக்குப் பதில்கள்

நான் காட்பாடிக்காரி. நர்ஸாக இங்கிலாந்து போய், அப்புறம் பல வருடம் அங்கே ஓர் உதவி மையத்தில் ஏழை வீடுகளுக்கு மனு எழுதிக் கொடுத்தேன். இப்போது ஊர் திரும்பிவிட்டேன். நம் பக்கத்துப் பிள்ளைகள் நிறையப் பேர் அங்கே இருப்பதால், குளிர்கால உதவித்தொகை பற்றிக் கேள்விகள் குவிந்திருக்கின்றன.

குடியாத்தம்: மகள் மான்செஸ்டரில் முதியோர் பராமரிப்பு வேலையில் இருக்கிறாள், வேலை விசா. குளிர் அதிகமானால் வாரம் 25 பவுண்டு தருகிறார்களாமே, அவளுக்கு உண்டா?

இல்லை அம்மா. வேலை விசாவில் இருப்பவர்களுக்கு அரசு நிதி உதவி வாங்கக் கூடாது என்ற நிபந்தனை உண்டு. குளிர்ப் பணம் (கோல்ட் வெதர் பேமென்ட்) தனியாக வருவதில்லை, பென்ஷன் கிரெடிட் (வருமானம் குறைந்த முதியவருக்கான உதவி), யுனிவர்சல் கிரெடிட் (உழைக்கும் வயதில் வருமானம் குறைந்தவருக்கான உதவி) போன்றவற்றை ஏற்கெனவே வாங்குபவருக்குத்தான் வரும். அந்த உதவிகளுக்கு அவள் மனுப் போட்டால் விசாவுக்கே ஆபத்து. யார் சொன்னாலும் போட வேண்டாம். பில் கட்ட முடியவில்லை என்றால் கேஸ், மின்சாரக் கம்பெனியிடம் தவணை கேட்கலாம். அது அரசுப் பணம் இல்லை, தயங்காமல் கேட்கச் சொல்லுங்கள்.

சத்துவாச்சாரி: அண்ணன் குடும்பம் அங்கே குடியுரிமை பெற்றவர்கள், லெஸ்டரில் இருக்கிறார்கள். யுனிவர்சல் கிரெடிட் வருகிறது. போன ஜனவரியில் ராத்திரி மைனஸ் 5. ஆனாலும் பணம் வரவில்லை. ஏன்?

நல்ல கேள்வி தம்பி. மையத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் இதைத்தான் கேட்டார்கள். ராத்திரிக் குளிரை மட்டும் அவர்கள் பார்ப்பதில்லை. ஒரு நாளின் அதிக வெப்பத்தையும் குறைந்த வெப்பத்தையும் கூட்டி இரண்டால் வகுக்கிறார்கள். ராத்திரி மைனஸ் 5, பகலில் 6 என்றால் சராசரி அரை டிகிரி. தொடர்ந்து 7 நாளுக்குச் சராசரி 0 டிகிரி அல்லது அதற்குக் கீழே பதிவானால், அல்லது அப்படி இருக்கும் என்று முன்னறிவிப்பு வந்தால்தான் 25 பவுண்டு. நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரைதான் கணக்கு. ஒவ்வொரு அஞ்சல் குறியீட்டுக்கும் ஒரு வானிலை நிலையம் ஒதுக்கியிருப்பதால், அடுத்த தெருவுக்கு வந்த பணம் இவர்களுக்கு வராமல் போகலாம்.

இன்னொன்றும் பாருங்கள். யுனிவர்சல் கிரெடிட் வாங்கும் எல்லாருக்கும் இது கிடையாது. பொதுவாக வேலையில் இருக்கக் கூடாது, அதோடு உழைக்க முடியாத உடல்நிலையோ 5 வயதுக்குக் கீழ் குழந்தையோ இருக்க வேண்டும். ஊனமுள்ள குழந்தைக்கான கூடுதல் தொகை வாங்கும் வீட்டில் மட்டும் வேலையில் இருந்தாலும் உண்டு. அண்ணன் வீட்டில் புதிதாகக் குழந்தை பிறந்திருந்தால் யுனிவர்சல் கிரெடிட் கணக்கில் பதியச் சொல்லுங்கள். அதைச் செய்யாமல் பணம் இழந்தவர்களை நேரிலேயே பார்த்திருக்கிறேன்.

வாலாஜா: மகன் அங்கே நர்ஸ், வேலை விசா. குளிர்ப் பணம் வருமா?

குடியாத்தம் அம்மாவுக்குச் சொன்ன பதில்தான் உங்களுக்கும்.

ஆம்பூர்: 'உங்கள் குளிர்காலப் பணம் காத்திருக்கிறது, இங்கே தொடுங்கள்' என்று அக்காவுக்கு லண்டனில் போன் செய்தி வந்தது. தொடலாமா?

தொடவே கூடாது. குளிர்ப் பணம் தகுதி உள்ளவர் கணக்குக்குத் தானாக வரும். வங்கி எண் கேட்டு அரசு செய்தி அனுப்பாது. அழித்துவிடச் சொல்லுங்கள்.

ஏலகிரி: மார்கழியில் மலையில் எங்களுக்கும் குளிர்தான். இங்கே அப்படிப் பணம் உண்டா?

குளிருக்கென்று தனியாக இல்லை ஐயா. ஆதரவற்ற முதியவர் என்றால் தமிழக அரசின் முதியோர் உதவித்தொகை மாதம் 1,200 ரூபாய் உண்டு. இ-சேவை மையத்தில் மனுப் போடுங்கள்.

ஆற்காடு: அங்கே பணக்காரக் கிழவர்களுக்கும் குளிர்காலப் பணம் போகிறதாம். ஏழைக்கு மட்டும் தந்தால் போதாதா?

நீங்கள் சொல்வது வேறு திட்டம், வின்டர் ஃபியூவல் பேமென்ட், அதாவது குளிர்கால எரிபொருள் பணம். இது வெப்பநிலை பார்க்காமல், ஓய்வூதிய வயது வந்தவர் வீட்டுக்கு வருடம் ஒருமுறை 200 பவுண்டு, 80 வயதானவர் இருந்தால் 300. 1997-இல் தொடங்கியது. 2024-இல் பென்ஷன் கிரெடிட் போன்ற உதவி வாங்கும் ஏழைகளுக்கு மட்டும் என்று சுருக்கினார்கள். சுமார் ஒரு கோடிப் பேருக்கு நின்றது.

(இதற்குத் தோட்டப்பாளையத்து வாசகர் ஒருவர், "எல்லாருக்கும் கொடுத்தால்தான் ஏழைக்குப் போய்ச் சேரும், நம் ரேஷனைப் பாருங்கள்" என்று எழுதினார். ஆற்காட்டுக்காரர், "வரிப்பணம் என்ன தண்ணீரா?" என்று திருப்பிக் கேட்டார். இன்னும் பலர் சேர்ந்துகொண்டதால் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்.)

நான் தோட்டப்பாளையத்தார் பக்கம். அதே 1997-இல்தான் இங்கே மத்திய அரசு ரேஷனை வறுமைக்கோட்டுக்கு மேல், கீழ் என்று பிரித்தது. தமிழ்நாடு அப்படிப் பிரிக்காமல் எல்லாருக்கும் என்று நின்றது. ஏழை என்று நிரூபித்துக் காட்டச் சொன்னால் மனுவே போடாமல் ஒதுங்குபவர்கள் நிறைய. இங்கிலாந்தில் பென்ஷன் கிரெடிட்டுக்குத் தகுதி இருந்தும் வாங்காத முதியவர்கள் பல லட்சம். 2024-இல் அவர்களுக்கு அதோடு சேர்த்து எரிபொருள் பணமும் போயிற்று. ஹீட்டரைப் போடாமல் போர்வைக்குள் கிடந்த கிழவிகளின் வீட்டுக்கு நான் போயிருக்கிறேன். ஆற்காட்டு ஐயா கேட்பதிலும் நியாயம் உண்டு. அதனால்தான் 2025-இல் எல்லாருக்கும் கொடுத்துவிட்டு, வருட வருமானம் 35,000 பவுண்டுக்கு மேல் உள்ளவரிடம் வரியாகத் திரும்ப எடுக்கும் முறை வந்தது. எனக்கு அது சரியாகவே படுகிறது.

ராணிப்பேட்டை: மருமகள் வேலை விசாவில்…

மூன்றாவது முறை சொல்கிறேன், கிடையாது. தயவுசெய்து மேலே படியுங்கள். குளிர்ப் பணம் வாங்கித் தருகிறேன் என்று கமிஷன் கேட்கும் ஏஜென்டிடமும் போக வேண்டாம்.

காட்பாடி: பெரியம்மா 40 வருடமாக பர்மிங்ஹாமில், குடியுரிமை உண்டு. தனியாக இருக்கிறார், வாரம் 190 பவுண்டுதான் பென்ஷன். 'பிச்சை வேண்டாம்' என்று பென்ஷன் கிரெடிட் கேட்க மறுக்கிறார்.

இவருக்காகத்தான் நான் இவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கிறேன். 2025-26 கணக்குப்படி தனியாக இருப்பவரின் வார வருமானம் 227 பவுண்டு 10 பென்ஸுக்குக் கீழே இருந்தால், அந்த அளவுக்கு வரும்படி மீதியைத் தருவார்கள். சேமிப்பு அதிகமாக இருந்தால் கணக்கு மாறும். பென்ஷன் கிரெடிட் வந்துவிட்டால் குளிர்ப் பணத்துக்கும் கதவு திறக்கும். தகுதி இருந்த பழைய 3 மாதத் தொகையையும் கேட்டு வாங்கலாம். நாற்பது வருடம் வாழ்ந்த நாட்டில் இது அவர் உரிமை என்று பேசிப் பாருங்கள். அங்கே இருக்கும் யாராவது நேஷனல் இன்சூரன்ஸ் எண் (அங்கே அரசு தரும் காப்பீட்டு எண்), வங்கி விவரம், சேமிப்புக் கணக்கு மூன்றையும் எடுத்து வைத்துக்கொண்டு, அவர் பக்கத்தில் உட்கார்ந்து போனில் மனுப் போடட்டும். நவம்பர் வரை தள்ளிப்போட வேண்டாம், இந்த வாரமே செய்யுங்கள்.