இல்மாட்டரின் சிவப்புக் கயிறு: ஃபெய்ரூனின் நல்ல தெய்வங்களும் அவர்களுடைய பூசாரிகளும் – கேள்வி பதில்

மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தில் பூசாரிப் பாத்திரம் எடுப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, ‘எந்தச் சாமியைக் கும்பிட்டால் லாபம்?’ என்பதுதான். பன்னிரண்டு ஆண்டுகளாக ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் ஆட்டம் நடத்தி வருகிறேன். அதில் பெரும்பகுதி ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் உலகத்தின் ஃபெய்ரூன் கண்டத்தில்தான் கழிந்திருக்கிறது. கனடாக்காரரான எட் கிரீன்வுட் சிறுவயது முதல் மனத்தில் வளர்த்த உலகம் அது. ஆட்டத்துக்கான களமாக 1987இல் அச்சில் வந்தது. வந்த கேள்விகளில் நல்ல தெய்வங்களைப் பற்றியவற்றை மட்டும் பொறுக்கி எடுத்திருக்கிறேன். தீய தெய்வங்களுக்கு ரசிகர் கூட்டம் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறது.

கேள்வி: ஐயா, கிளெரிக் என்பதை நீங்கள் ‘பூசாரி’ என்றே எழுதுகிறீர்கள். ‘குருமார்’ என்றோ ‘அர்ச்சகர்’ என்றோ எழுதினால் கௌரவமாக இருக்காதா?

கௌரவமாக இருக்கும், பொருத்தமாக இருக்காது. நம் ஊர்க் கோயில் பூசாரி என்ன செய்கிறார்? திருநீறு மந்திரித்துப் போடுகிறார், கயிறு கட்டுகிறார், பேய் ஓட்டுகிறார், பயந்த குழந்தைக்கு வேப்பிலை அடிக்கிறார். கிளெரிக்கின் வேலைப் பட்டியலும் ஏறக்குறைய இதுதான்.

இந்தப் பாத்திரம் பிறந்ததே பேய் ஓட்டத்தான். 1974இல் ஆட்டம் வெளியாவதற்கு முன்பு, மினசோட்டாவில் டேவ் ஆர்னசன் நடத்திய ஆட்டத்தில் ஒருவருடைய ரத்தக்காட்டேரிப் பாத்திரம் யாராலும் அடக்க முடியாதபடி வளர்ந்துவிட்டது. அதற்கு ஈடுகொடுக்கவே, பேய்ப்படங்களில் சிலுவையோடு வரும் வேட்டைக்காரரின் சாயலில் ஒரு பாத்திரத்தை உருவாக்கினார்கள். காயம் ஆற்றும் வேலை அதோடு வந்து ஒட்டிக்கொண்டது. பிறகு ஒட்டிக்கொண்டதே முக்கிய வேலையாகிவிட்டது.

கேள்வி: அண்ணா, முதல்முறை ஆடப் போகிறேன். காயம் ஆற்றும் பூசாரியாக இருக்க ஆசை. விதிநூலில் லத்தாண்டர், சான்டியா, இல்மாட்டர் மூவருக்குமே ‘உயிர்’ துறை (பூசாரிக்குக் கிடைக்கும் சக்திகளின் பிரிவு) என்று போட்டிருக்கிறது. மூவருக்கும் என்ன வித்தியாசம்?

பகடைக் கணக்கில் ஒரு வித்தியாசமும் இல்லை. 2014 விதிகளின்படி மூவருடைய பூசாரிகளும் ஒரே எட்டு முகப் பகடையை உருட்டித்தான் காயம் ஆற்றுகிறார்கள். உங்கள் பூசாரியின் ஒரு நாள் எப்படிப் போகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

லத்தாண்டர் விடியலின் தெய்வம். அவருடைய பூசாரி கிழக்கு வெளுக்கும்போது எழுந்து நிற்க வேண்டும்; முதல் நாள் இரவு எத்தனை பேயோடு மல்லுக்கட்டியிருந்தாலும் விதிவிலக்கு கிடையாது. புதிதாகத் தொடங்கும் எதுவும் அவருக்குப் பிடிக்கும்: பிறப்பு, புதுக் கடை, மறுவாழ்வு. இதனால் இவருடைய பூசாரிகளுக்குக் கொஞ்சம் அவசரபுத்தி உண்டு. பழையதை இடித்துவிட்டுப் பிறகு யோசிப்பார்கள்.

சான்டியா பயிர்களின் தாய். ஏதாவது ஓர் உயிர் தழைக்க உதவாமல் ஒரு நாளும் போகக்கூடாது என்பது அவள் கட்டளை. ஃபெய்ரூனில் வாரத்துக்குப் பத்து நாள். அந்தப் பத்து நாளுக்குள் ஒரு விதையாவது ஊன்ற வேண்டும். பெரிய வழிபாட்டுக்குக்கூடப் பொதுவான தேதி கிடையாது. எந்த ஊரில் என்றைக்கு முதல் கதிர் அறுக்கிறார்களோ, அன்றைக்குத்தான் அந்த ஊருக்குத் திருநாள். எனக்குத் தனிப்பட்ட முறையில் மிகவும் பிடித்த சமயம் இது. ஆனால் யாரும் எடுப்பதில்லை. வாளும் நெருப்பும் இருக்கும் உலகத்தில் விதைப்பையோடு அலைய எல்லோருக்கும் கூச்சம்.

மூன்றாமவரைப் பற்றி அடுத்த கேள்வியே வந்திருக்கிறது.

கேள்வி: இல்மாட்டரை ‘அழும் கடவுள்’ என்கிறார்கள். எப்போதும் துன்பம், தியாகம் என்று பேசும் பூசாரி மேசையில் இருந்தால் ஆட்டமே சோகமாகிவிடாதா?

ஆகிவிடும், தவறாக ஆடினால். இந்தத் தெய்வத்தைத்தான் அதிகம் பேர் தவறாக ஆடுகிறார்கள்.

மணிக்கட்டில் சிவப்புக் கயிற்றால் கட்டப்பட்ட இரண்டு வெள்ளைக் கைகள், அதுதான் இல்மாட்டரின் சின்னம். அதைப் பார்த்ததும் பலர் நினைப்பது, இவர் ‘பொறுத்துக்கொள்’ என்று சொல்லும் கடவுள் என்று. அவர் அப்படிச் சொல்வதே இல்லை. ‘வலிப்பவர் யாராக இருந்தாலும் உதவு, அவருடைய பாரத்தை நீ வாங்கிக்கொள்’ என்பதுதான் அவர் சொல்வது. ‘யாராக இருந்தாலும்’ என்ற சொல்லில்தான் சிக்கல் இருக்கிறது.

என் மேசையில் நடந்ததைச் சொல்கிறேன். வழிப்பறிக் கும்பலோடு சண்டை முடிந்திருந்தது. மற்றவர்கள் பிணங்களின் சட்டைப் பைகளைத் துழாவிக்கொண்டிருந்தார்கள். சற்று முன்பு அவர்கள்மீதே அம்பு விட்ட ஒருவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வரப்போரம் கிடந்தான். எனக்கு அவன் வெறும் ‘நான்காம் கொள்ளைக்காரன்’. தாளில் அப்படித்தான் குறித்திருந்தேன். இல்மாட்டர் பூசாரியாக ஆடிய பெண் தன் பாத்திரத்தின் மணிக்கட்டிலிருந்த சிவப்புக் கயிற்றை அவிழ்த்து அவன் மணிக்கட்டில் கட்டுவதாகச் சொன்னார். பிறகு, “உன் பெயர் என்ன?” என்று கேட்டார். பகடை உருளவில்லை, தேநீர் டம்ளர் பக்கத்தில் சும்மா கிடந்தது. என்னிடம் பெயர் இல்லை. பைக்குள் கைவிட்டுக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நிமிர்ந்து பார்த்தார்கள். வாய்க்கு வந்த ஒரு பெயரைச் சொன்னேன். அவன் பிழைத்துக்கொண்டான். அடுத்த எட்டு வாரம் அவர்களுடைய கோவேறு கழுதையை அவன்தான் ஓட்டினான்.

பிழைக்காமல் போயிருந்தாலும் அந்தப் பூசாரிக்கு வேலை இருந்திருக்கும். சாகும் தறுவாயில் இருப்பவரை இல்மாட்டரின் ஆறுதலை நோக்கித் திருப்புவதை அந்தச் சமயத்தில் மிகப் புனிதமான கடமையாக வைத்திருக்கிறார்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். இவர்கள் தங்கள் கடவுளிடமே ஓய்வு கேட்கலாம். விண்ணப்பம் ஏற்கப்பட்டால் பத்து நாள் கட்டளைகளிலிருந்து விடுப்பு. பிறர் வலியைச் சுமப்பவன் ஒருநாள் முறிந்துபோவான் என்பது அந்தக் கடவுளுக்குத் தெரிந்திருக்கிறது. இந்த விடுப்பைப் பயன்படுத்தி ஆடுங்கள், சோகம் தானாகவே போய்விடும்.

கேள்வி: நான் டிர் பூசாரி. எங்கள் குழுவிலேயே ஒரு திருடன் இருக்கிறான். நீதிக் கடவுளின் அடியாராக அவனைப் பிடித்துக் கொடுக்க வேண்டாமா? கூடவே ஒரு சந்தேகம்: டிர், இல்மாட்டர் எல்லாம் நிஜ மதங்களிலிருந்து எடுத்த பெயர்களா?

சந்தேகத்துக்கு முதலில். டிர் ஸ்காண்டிநேவியப் புராணத்திலிருந்து நேராக வந்தவர். அங்கே ஃபென்ரிர் என்ற ஓநாயைக் கட்டிப்போட ஈடாக வலக்கையை அதன் வாயில் வைத்து இழந்தார். ஃபெய்ரூனில் அந்த இடத்தில் கெசெஃப் என்ற வேட்டைநாய் வருகிறது. கானகத் தெய்வம் மீலிக்கி ஃபின்லாந்தின் வனதேவதை. இல்மாட்டர் என்ற பெயரும் ஃபின்லாந்தின் இல்மதாரை நினைவூட்டும். ஆனால் அவள் காற்றின் கன்னி. ஒற்றுமை பெயரளவில்தான்.

இனித் திருடன். பிடித்துக் கொடுத்தால் உங்கள் குழு அன்றோடு உடையும். உங்களை அடுத்த வாரம் யாரும் கூப்பிட மாட்டார்கள். டிரின் கட்டளைகளில் எல்லோரும் தாண்டிப் போகும் ஒன்று இருக்கிறது: தன் தீர்ப்புகளையும் செயல்களையும் பூசாரி எழுதி வைக்க வேண்டும், தவறுகளைப் பின்னால் திருத்த அது உதவும் என்பதற்காக. அதாவது நீதிக் கடவுளே தன் ஆள் தவறு செய்வான் என்று ஏற்றுக்கொள்கிறார். ஒரு 40 பக்க நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். திருடன் எதையாவது எடுக்கும்போதெல்லாம் அவன் கண்ணெதிரே எழுதுங்கள். யாரிடம் எடுத்தான், எவ்வளவு, எப்போது திருப்பித் தருவான் என்று கேட்டு எழுதுங்கள். மூன்றாவது வாரத்தில் அவன் எடுப்பதற்கு முன்பு உங்களைத் திரும்பிப் பார்ப்பான்.

கேள்வி: நல்ல தெய்வத்தின் கோயில் கெட்டுப்போக முடியுமா? எங்கள் ஆட்டத்தை நடத்துபவர் முடியாது என்கிறார்.

தாராளமாக முடியும். அவரிடம் டான்ட்ராஸ் நகரத்தைப் பற்றிக் கேளுங்கள். ஃபெய்ரூன் கணக்கில் 1358ஆம் ஆண்டு, எல்லாத் தெய்வங்களுக்கும் மேலான ஆவோ அவர்களை மண்ணுக்குத் துரத்தினார். கடமையின் தெய்வமான டோர்ம் டான்ட்ராஸில் இறங்கினார். அவர் பெயரைச் சொல்லிக்கொண்டே அங்கிருந்த அவருடைய பூசாரிகள் மற்றச் சமயத்தாரை ஒடுக்கிவந்ததை அங்கே கண்டார். பிறகு கொடுங்கோன்மையின் தெய்வமான ‘பேன்’ (Bane) என்பவரோடு மோதி இருவருமே மாண்டார்கள். ஆவோ டோர்மை உயிர்ப்பித்தார். திரும்பி வந்த டோர்ம், நடந்த அட்டூழியங்களுக்காகத் தன் சமயம் முழுவதற்கும் பிராயச்சித்தம் விதித்தார். தன் ஆட்களையே தண்டித்த கடவுள் என்பதாலேயே எனக்கு அவர்மேல் மரியாதை.

அதே குழப்பக் காலத்தில் அதிர்ஷ்ட தேவதை டைமோரா அரபெல் நகரக் கோயிலில் நேரில் வந்து அமர்ந்தாள். கோயில்காரர்கள் உடனே செய்த காரியம், அவள் முகத்தைப் பார்க்கக் கட்டணம் வசூலித்தது! சிறப்பு தரிசன வரிசையில் நின்று பழகிய நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கேள்வி: கடவுளை நம்பாதவர்களின் ஆன்மாவைச் சுவரில் பதித்துவிடுவார்களாமே! நல்ல தெய்வங்கள் இதைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சும்மா இருக்கின்றன?

இந்த உலகத்தைப் பற்றி எழும் மிக நியாயமான கோபம் இது. எந்தத் தெய்வத்தையும் ஏற்காதவர்களுக்கு இறந்தவர்களின் நகரத்தைச் சூழ்ந்த அந்தச் சுவர்தான் கதி என்பது பழைய நூல்களின் விதி.

மனிதனாக இருந்து மரணத்தின் தெய்வமான கெலம்வோர் முதலில் இதை மாற்றப் பார்த்தார். இறந்தவர்களை அவர்களுடைய குணத்தை வைத்துத் தீர்ப்பிட்டார். விளைவு, நல்லவர்கள் சாவுக்கு அஞ்சாமல் போனார்கள், மக்கள் தெய்வங்களை மறந்தார்கள். பக்தர்களின் எண்ணிக்கைதான் தெய்வங்களின் பலம் என்று ஆவோ விதித்திருந்தார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். மற்றத் தெய்வங்கள் அவரை விசாரணைக்கு இழுத்தன. அவரும் இரக்கத்தைக் கழற்றி வைத்துவிட்டு, இரு பக்கமும் சாயாத நீதிபதியானார். நல்ல தெய்வங்களின் கை அங்கே சுத்தமில்லை என்பதே என் கருத்து. 2015இல் வந்த வழிகாட்டி நூலிலிருந்து சுவர் பற்றிய வரியைப் பதிப்பாளர் 2020இல் நீக்கிவிட்டார். என் ஆட்டத்தில் நான் நீக்கவில்லை. அந்தச் சுவரை இடிக்கக் கிளம்பும் ஓர் இல்மாட்டர் பூசாரிக்காகக் காத்திருக்கிறேன்.

கேள்வி: அமைதியின் தெய்வமான எல்டத்தின் பூசாரியாக ஆடலாமா? சண்டையில் சும்மா நிற்க வேண்டியிருக்குமோ?

தற்காப்புக்கு அவள் தடை சொல்வதில்லை. முதல் நிலையிலேயே ‘அடைக்கலம்’ மந்திரம் இருக்கிறது; அது யார்மேல் இருக்கிறதோ அவரைத் தாக்க வருபவன் முதலில் தன் மன உறுதியைப் பகடையில் காட்ட வேண்டும். ஆசி மந்திரம் போட்டு மூன்று தோழர்களின் ஒவ்வொரு வீச்சோடும் ஒரு நான்கு முகப் பகடையைச் சேர்த்துக்கொடுங்கள். சண்டை முடிந்ததும் அவர்களிடம் கேட்டுப் பாருங்கள், யார் சும்மா நின்றார்கள் என்று.

கேள்வி: 2023இல் வந்த பால்டர்ஸ் கேட் 3 கணினி விளையாட்டை ஆடிவிட்டு வந்திருக்கிறேன். நிலவின் தெய்வம் செலூனேயா, இருளின் தெய்வம் ஷாரா?

அக்கா தங்கைச் சண்டையில் என்னை இழுக்காதீர்கள். கேள்வி நல்ல தெய்வங்களைப் பற்றியது என்பதால் செலூனே.

கேள்வி: கடைசியாக ஒன்று. செத்தவரை எழுப்ப 500 பொற்காசு மதிப்புள்ள வைரம் வேண்டும் என்கிறது விதி. இரக்கமுள்ள தெய்வத்துக்கு எதற்கு வைரம்?

தெய்வத்துக்கு இல்லை, ஆட்டத்துக்கு. வைரம் இல்லாவிட்டால் சாவுக்கு மதிப்பே இருக்காது. ஒருவர் செத்தால் மற்றவர்கள் தேநீர் போட எழுந்து போவார்கள். ஆனால் அந்த வைரம் கடையில் வாங்கியதாகத்தான் இருக்க வேண்டும் என்று விதி சொல்லவில்லை. சென்ற ஆண்டு எங்கள் குழுவில் வைரம் இல்லாமல் தவித்தபோது, ஒரு கிராமத்துக் கிழவி தன் மூக்குத்தியைக் கழற்றிக் கொடுத்தாள். அதன் மதிப்பு 500 தேறுமா என்று ஒருவர் கேட்டார். தேறும் என்றேன்.