பணி ஓய்வுக்குப் பிறகு ஓவியராகப் பெயர் பெற்றவர் யாரேனும் உண்டா?

ஓய்வு பெற இன்னும் இரண்டு ஆண்டுகளே இருக்கும் நிலையில், அதன்பின் முழுநேரமாக வரைந்தால் உருப்படியாக ஏதேனும் செய்ய முடியுமா, அரூப ஓவியத்தில் (உருவங்களை அப்படியே வரையாமல் நிறமும் வடிவமும் கொண்டு அமைப்பது) அப்படிச் செய்தவர்கள் இருக்கிறார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு உடனே நினைவுக்கு வருபவர் அமெரிக்க ஓவியர் ஆல்மா தாமஸ். 1960இல், 68 வயதில், பள்ளி ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர். 80 வயதில் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் தனிக்கண்காட்சி கண்டவர். இந்த இரண்டு செய்திகளோடு நிறுத்திக்கொண்டால், வேலையை விட்ட மறுநாள் ஒரு மூதாட்டி தூரிகையைக் கையில் எடுத்தார், ஊரே வியந்தது என்று ஆகிவிடும். பலரும் அவரைப் பற்றி அப்படித்தான் எழுதுகிறார்கள். நான் அதை ஏற்பதில்லை.

ஆல்மா 1891இல் ஜார்ஜியா மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் பிறந்தார். நிறவெறி வன்முறைக்கு அஞ்சியும், கறுப்பினப் பிள்ளைகள் மேற்கொண்டு படிக்க அங்கே வழியில்லை என்பதாலும், அவருடைய குடும்பம் 1907இல் வாஷிங்டனுக்குக் குடிபெயர்ந்தது. அங்கே 15ஆம் தெருவில் அமைந்த வீட்டில்தான் அவர் இறக்கும்வரை, ஏறக்குறைய எழுபது ஆண்டுகள், வாழ்ந்தார். ஆடை வடிவமைப்பு படிக்கும் எண்ணத்தோடு ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவரை, அங்கே அப்போதுதான் ஓவியத் துறையைத் தொடங்கியிருந்த ஜேம்ஸ் ஹெரிங் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். 1924இல் அத்துறையின் முதல் பட்டதாரியாக ஆல்மா வெளியே வந்தார்.

அதே ஆண்டு ஷா நடுநிலைப் பள்ளியில் ஓவிய ஆசிரியையாகச் சேர்ந்து, ஒரே பள்ளியில் 35 ஆண்டுகள் பணியாற்றினார். வெறும் சம்பளத்துக்காகக் கழித்த ஆண்டுகள் அல்ல அவை. கோடை விடுமுறைகளில் நியூயார்க் சென்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்து 1934இல் முதுகலைப் பட்டம் பெற்றார். பள்ளிப் பிள்ளைகளுக்காக நூல்பாவைக் கூத்துகள் நடத்தினார். 1943இல் ஹெரிங்கும் அலோன்சோ ஏடனும் தங்கள் வீட்டிலேயே பார்னெட் ஏடன் கலைக்கூடத்தைத் தொடங்கியபோது, அதன் துணைத் தலைவராக இருந்தார். நகரமே நிறத்தால் பிளவுண்டு கிடந்த அக்காலத்தில், கறுப்பினத்தவர் படங்களும் வெள்ளையர் படங்களும் ஒரே சுவரில் தொங்கிய மிகச் சில இடங்களில் அதுவும் ஒன்று. ஏறத்தாழ அறுபது வயதில், பகலில் பாடம் நடத்திவிட்டு, அமெரிக்கன் பல்கலைக்கழகத்தில் ஓவிய வகுப்புகளில் மாணவியாக உட்கார்ந்தார். பழங்களையும் பூச்சாடிகளையும் வரைந்துகொண்டிருந்த அவருடைய கை அரூபத்தின் பக்கம் திரும்பியது அந்த வகுப்புகளில்தான். ஓய்வு அவருக்குக் கொடுத்தது நேரத்தை மட்டுமே. கண்ணும் கையும் அதற்கு முன்பே தயாராகிவிட்டிருந்தன.

ஓய்வு பெற்ற கையோடு வெற்றி வந்துவிடவும் இல்லை. 1964இல் மூட்டுவாதம் அவரை முடக்கிப்போட்டது. இனி வரையவே முடியாதோ என்று அஞ்சும் அளவுக்கு வலி. அந்த நிலையில்தான், அவருடைய படங்களின் தொகுப்புக் கண்காட்சி ஒன்றை நடத்த ஹோவர்ட் பல்கலைக்கழகம் முன்வந்தது. பழைய படங்களையே தூசி தட்டி மாட்டியிருக்கலாம். அவரோ, இதுவரை செய்யாத ஒன்றைச் செய்தாக வேண்டும் என்று முடிவெடுத்தார். வீட்டின் முன்பக்கச் சன்னலுக்கு வெளியே ஒரு ஹாலி மரம் நின்றது. அதன் இலைகளுக்கு நடுவே வெளிச்சம் நுழைந்து, சன்னலிலும் சுவரிலும் சிறு சிறு துண்டுகளாகச் சிதறி அசைவதைப் பல ஆண்டுகளாகப் பார்த்திருந்தவர், இப்போது அந்தத் துண்டுகளையே ஓவியமாக்கினார். விரல் நுனி அளவிலான வண்ணத் தீற்றல்களை வரிசை வரிசையாகவோ வட்டம் வட்டமாகவோ வைத்து, இடையிடையே வெள்ளைத் தளத்தை விட்டுவிடும் அந்த முறை 1966ஆம் ஆண்டுக் கண்காட்சியில் வெளிப்பட்டது. அப்போது அவருக்கு வயது 74. கூடத்திலும் சமையலறையிலும் கேன்வாஸைச் சாய்த்து வைத்து வரைந்தார். தனி ஓவியக்கூடம் என்று எதுவும் இல்லை.

வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் அமெரிக்கக் கலை அருங்காட்சியகத்தில் அவர் 1970இல் வரைந்த ‘கிரகணம்’ என்ற படத்தை நேரில் பார்த்திருக்கிறேன். நடுவிலிருந்து விலகி நிற்கும் கருநீல வட்டம், அதைச் சுற்றி வளையம் வளையமாக நீலம், பச்சை, மஞ்சள், சிவப்பு. அச்சில் பார்க்கும்போது கண்ணாடிச் சில்லுகள் பதித்ததுபோல் திருத்தமாகத் தெரியும். அருகில் போய்ப் பார்த்தால் வேறு கதை. ஒரு தீற்றல் தடித்திருக்கிறது, அடுத்தது மெலிந்து தளம் தெரிகிறது. ஓரங்கள் எதுவும் நேராக இல்லை. அவர் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு வேலை செய்வார் என்பது தெரிந்திருந்ததால் வண்ணங்களுக்கு நடுவே அதைத்தான் முதலில் தேடினேன். நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் கரும்பலகையில் கோடு போட்டுக் காட்டிய கை அல்லவா என்று தோன்றியது. இது என் கற்பனையாகவும் இருக்கலாம்.

1972ஆம் ஆண்டு விட்னி கண்காட்சியைப் பற்றி ஒரு வார்த்தை. அங்கே தனிக்கண்காட்சி கண்ட முதல் கறுப்பினப் பெண் அவர். கறுப்பினக் கலைஞர்கள் முந்தைய ஆண்டுகளில் அந்த அருங்காட்சியகத்துக்கு எதிராக நடத்திய போராட்டங்கள் இல்லாமல் அந்தக் கதவு திறந்திருக்காது. வேடிக்கை என்னவென்றால், மனிதன் மனிதனுக்கு இழைக்கும் கொடுமையை அல்ல, அழகையும் மகிழ்ச்சியையும் வரைவதே தம் வேலை என்று ஆல்மா சொல்லிவந்தார். இதனால் அவரை ஒதுங்கிப் போனவர் என்று குறைகூறுவோர் உண்டு. கறுப்பினத்தவரின் சம உரிமைக்காக 1963இல் வாஷிங்டனில் நடந்த பேரணியில் கலந்துகொண்டு, அடுத்த ஆண்டே அதைப் படமாகவும் வரைந்தவரை அப்படிச் சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. சிறுவயதில் தம்மைப் போன்றோர் அருங்காட்சியகத்துக்குள் நுழையவே முடியாது, அங்கே தம் படம் தொங்கும் என்று எப்படி நினைப்பது என்று விட்னி கண்காட்சியின்போது அவரே கூறினார்.

இறந்த பிறகு வந்த புகழை நீட்டி எழுதத் தேவையில்லை. 1966இல் வரைந்த ‘உயிர்த்தெழுதல்’ 2015இல் வெள்ளை மாளிகையின் உணவறை ஒன்றில் மாட்டப்பட்டது. அம்மாளிகையின் நிரந்தரத் தொகுப்பில் ஒரு கறுப்பினப் பெண்ணின் ஓவியம் இடம்பெற்றது அதுவே முதல் முறை. அதற்கு முன் 2009இல் அங்கே இரவலாகச் சென்ற ‘வட்டூசி’ என்ற படம் பிரெஞ்சு ஓவியர் மத்தீஸின் ‘நத்தை’ என்ற படத்தைப் பார்த்து வரைந்தது என்று சிலர் கூச்சலிட்டார்கள். பார்த்து வரைந்ததுதான், வடிவங்களைத் திருப்பிப் போட்டு, நிறங்களை மாற்றி, பாடம் படிப்பதுபோல் வரைந்தது. எழுபதைத் தாண்டியும் அவர் பயிற்சி செய்துகொண்டிருந்தார் என்பதற்கு அதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

1976இல், மூட்டுவலி முற்றிய நிலையில், மூன்று பலகங்களாக அமைந்த 13 அடி அகல ஓவியம் ஒன்றில் சிவப்பு அசேலியாப் பூக்களை ராக் அண்ட் ரோல் இசைக்கு ஆடவிட்டார். கட்டம் கட்டமான பழைய தீற்றல்கள் அதில் இல்லை. வெட்டிப்போட்ட துண்டுகள்போலச் சிவப்பு சிதறிக் கிடக்கிறது. 1978 பிப்ரவரியில் காலமானார்.

நீங்கள் இதுவரை எங்கேனும் முறையாக ஓவியம் கற்றிருக்கிறீர்களா, இப்போது வாரத்தில் எத்தனை மணி நேரம் வரைகிறீர்கள் என்பதைக் கேள்வியில் குறிப்பிடவில்லை. அதைச் சேர்த்தீர்களானால், ஆல்மாவின் வாழ்க்கை உங்களுக்கு எந்த அளவு பொருந்தும் என்பதை இந்தப் பதிலிலேயே சேர்த்து எழுதுகிறேன்.