லினக்ஸில் பிரின்டர் மக்கர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: உபுண்டு 22.04இல் எச்பி லேசர்ஜெட் 1020 நன்றாக ஓடியது. 24.04க்கு மாற்றியதிலிருந்து பிரின்ட் கொடுத்தால் வேலை முடிந்துவிட்டதாகக் காட்டுகிறது, தாள் மட்டும் நகரவில்லை. டிரைவரை மூன்று முறை நீக்கிவிட்டுப் போட்டுப் பார்த்துவிட்டேன்.

பதில்: நான்காவது முறை வேண்டாம். இந்த மாடலுக்குள் ஃபர்ம்வேர் (பிரின்டரை இயக்கும் உள்மென்பொருள்) நிரந்தரமாகத் தங்காது. கரண்ட் போனால் அதுவும் போய்விடும். ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் கணினிதான் அதை யூஎஸ்பி வழியாக அனுப்ப வேண்டும். அது போய்ச் சேராவிட்டால், நீங்கள் அனுப்பும் பக்கத்தைப் பிரின்டர் வாங்கிக்கொள்ளும், ஆனால் என்ன செய்வதென்று அதற்குத் தெரியாது. கணினியோ அனுப்பியாயிற்று என்று வேலையை முடித்துவிடும்.

ஃபர்ம்வேரை அனுப்புவது, எச்பி பிரின்டர்களுக்கான லினக்ஸ் டிரைவர் தொகுப்பான எச்பிலிப்பின் பிளகின் என்ற துணை நிரல். அது தனியுரிமை மென்பொருள் என்பதால் உபுண்டுவோடு சேர்ந்து வராது. பிளகினும் எச்பிலிப்பும் ஒரே பதிப்பாக இருந்தே ஆக வேண்டும். 22.04இல் எச்பிலிப் 3.21.12, 24.04இல் 3.23.12. கணினியை மாற்றியபோது எச்பிலிப் புதிதாகிவிட்டது, பிளகின் பழையதாகவே நின்றுவிட்டது. உங்கள் சிக்கல் இதுதான்.

இணைய இணைப்போடு டெர்மினலைத் திறந்து ‘எச்பி-பிளகின்’ (hp-plugin) கட்டளையைக் கொடுங்கள், பொருத்தமான பதிப்பை அதுவே இறக்கிக்கொள்ளும். பிறகு பிரின்டரை அணைத்து, பத்து நொடி விட்டு ஆன் செய்யுங்கள். வழக்கமான தொடக்கச் சத்தம் அடங்கியபின் மோட்டார் மறுபடி சற்று நேரம் சுழன்றால் ஃபர்ம்வேர் இறங்கிவிட்டது. ஓசையே இல்லையென்றால் ‘எச்பி-ஃபர்ம்வேர்’ (hp-firmware) கட்டளையால் கையால் அனுப்பலாம். ஃபூ2இசட்ஜேஎஸ் (foo2zjs) என்ற மாற்று டிரைவரும் கணினியில் இருந்தால் எடுத்துவிடுங்கள். ஒரே பிரின்டருக்கு இரண்டு பேர் ஃபர்ம்வேர் அனுப்பினால் குழப்பம்தான்.

கேள்வி: கேனான் எல்பிபி 2900. ‘ஃபில்டர் ஃபெயில்ட்’ என்று வருகிறது. கேபிள் மாற்றியும் பயனில்லை.

பதில்: கேபிளுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நீங்கள் அனுப்பும் பிடிஎஃபைப் பிரின்டரின் மொழிக்கு மாற்றும் நிரலைத்தான் ஃபில்டர் என்கிறோம். அது கணினிக்குள்ளேயே விழுந்துவிட்டது, கேபிள்வரை எதுவும் வரவில்லை. கேனானின் கேப்ட் டிரைவர் 64 பிட் கணினியிலும் 32 பிட் நிரல்களையே ஓட்டுகிறது. அவை ஓடத் தேவையான துணைக் கோப்புகளை, அதாவது 32 பிட் லைப்ரரிகளை, முதலில் சி லைப்ரரியை, நிறுவுங்கள்.

அதற்குப் பிறகும் சில நாள் ஓடும், சில நாள் ஓடாது என்றால் காரணம் வேறு. டிரைவரின் சிசிபிடி (ccpd) என்ற பின்னணிச் சேவையில் பிரின்டரை எல்பி0 என்ற சாதனப் பெயரில் பதிந்திருப்பீர்கள். கேபிளைக் கழற்றி மாட்டினாலோ இன்னொரு பிரின்டரைச் செருகினாலோ அது எல்பி1 ஆகிவிடும், சேவை பழைய வாசலிலேயே காத்துக்கொண்டிருக்கும். யூடெவ் (சாதனங்களுக்குப் பெயர் வைக்கும் லினக்ஸ் பகுதி) விதி எழுதி நிலையான பெயர் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: வைஃபை பிரின்டர் நேற்றுவரை சரி, இன்று கணினிக்குத் தெரியவில்லை. கைபேசியிலிருந்து பிரின்ட் வருகிறது.

பதில்: ரவுட்டர் அதற்குப் புது ஐபி (நெட்வொர்க் முகவரி) கொடுத்திருக்கும். பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட்:631 (localhost:631) என்று அடித்து, லினக்ஸின் அச்சு சேவையான கப்ஸ் பக்கத்தில் பிரின்டரின் முகவரியைப் பாருங்கள். 192.168 என்று எண்ணாக இருந்தால் அதுதான் கோளாறு. ரவுட்டரில் பிரின்டரின் மேக் முகவரிக்கு (அதன் வன்பொருள் எண்) ஒரே ஐபியை ஒதுக்கிவிடுங்கள், அல்லது பிரின்டரை நீக்கிவிட்டு, கண்டறியப்பட்ட நெட்வொர்க் பிரின்டர்கள் பட்டியலிலிருந்து சேர்த்துக்கொள்ளுங்கள். பெயரால் சேர்த்த பிரின்டர் ஐபி மாறினாலும் தொலையாது. பட்டியலிலேயே வராவிட்டால் ஃபயர்வாலில் பிரின்டரைக் கண்டறியும் வழியான யூடிபி 5353 போர்ட் அடைபட்டிருக்கிறதா, கணினி கெஸ்ட் வைஃபையில் இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: தாள் சிக்கியது, எடுத்துவிட்டேன். அதன்பின் எதை அனுப்பினாலும் வரிசையில் நிற்கிறது.

பதில்: வரிசை ‘பாஸ்’ ஆகியிருக்கிறது. பிழை வந்ததும் கப்ஸ் நிறுத்தியிருக்கும், நீங்கள்தான் திறந்துவிட வேண்டும். அதே 631 பக்கத்தில் பிரின்டரைத் தேர்ந்து ‘ரெஸ்யூம்’ கொடுங்கள். கடவுச்சொல் கொடுத்தும் மறுத்தால் உங்கள் பயனர் பெயரை ‘எல்பி அட்மின்’ (lpadmin) குழுவில் சேர்த்து, ஒருமுறை வெளியேறி உள்நுழையுங்கள். திறந்துவிடுமுன் வரிசையில் உள்ள பழைய வேலைகளை ரத்து செய்யுங்கள், இல்லாவிட்டால் அத்தனையும் அச்சாகித் தள்ளும்.

கேள்வி: ஆரஞ்சு விளக்கு மினுக்குகிறது. ட்ரேயில் தாள் இருக்கிறது, ஆனாலும் தாள் கேட்கிறது.

பதில்: தாள் அளவு ‘லெட்டர்’ என்று இருக்கும். அது 216க்கு 279 மி.மீ., நம் ஏ4 210க்கு 297. கப்ஸில் ‘செட் டீஃபால்ட் ஆப்ஷன்ஸ்’ சென்று ஏ4 ஆக்குங்கள்.

கேள்வி: தமிழ் பிடிஎஃப் திரையில் சரியாகத் தெரிகிறது. அச்சில் கொம்பும் காலும் இடம் மாறுகின்றன.

பதில்: ‘பிடிஎஃப்-ஃபான்ட்ஸ்’ (pdffonts) கட்டளையில் அந்தக் கோப்பைக் கொடுத்து ‘எம்ப்’ (emb) என்ற பத்தியைப் பாருங்கள். ‘நோ’ என்றிருந்தால் எழுத்துரு கோப்புக்குள் இல்லை. திரையில் ஒரு எழுத்துருவும் அச்சில் வேறொன்றும் வந்து உட்கார்ந்திருக்கலாம். பாமினி போன்ற பழைய குறியாக்கக் கோப்புகளில் இது அடிக்கடி நேரும். கோப்பை உருவாக்கியவரிடம் எழுத்துருவைப் பதித்து வாங்குவதே சரியான தீர்வு. அவசரமென்றால் ‘பிடிஎஃப்-டு-பிபிஎம்’ (pdftoppm) கட்டளை கொண்டு 300 டிபிஐயில் படமாக்கி அச்சிடுங்கள். ஏ4 பக்கம் 2480க்கு 3508 பிக்சல் வரும், திரையில் பார்த்ததே தாளிலும் விழும்.