மோதிரத்துக்கு ஒரு நாளா?

கேள்வி: என் அக்கா பொண்ணு அமெரிக்கால டெக்சாஸ் ஏ அண்ட் எம் யுனிவர்சிட்டில டிகிரி படிக்கிறா. அடுத்து 'ரிங் டே' வருதாம், மோதிரம் வாங்கப் போறாளாம், சித்தி நீங்களும் வந்தே ஆகணும்னு ஒரே அடம். பட்டமளிப்பு விழாவுக்கு போனா பத்தாதா? ஒரு மோதிரத்துக்கு இவ்ளோ ஆர்ப்பாட்டமா?

பதில்: முடிஞ்சா கண்டிப்பா போயிட்டு வாங்கம்மா. அங்க படிக்கற பசங்கள்ல நிறைய பேருக்கு பட்டம் வாங்குற நாள் மாதிரியே இதுவும் பெரிய நாள்தான். இது யுனிவர்சிட்டி பேரும் பேட்ச் வருஷமும் போட்ட மோதிரம். அதுக்கு காசு கட்டணும், ஆனா காசு இருந்தா மட்டும் கைல குடுத்துட மாட்டாங்க. டிகிரி பசங்கன்னா மொத்தம் 90 கிரெடிட் (பாடத்துக்கு குடுக்கற புள்ளி) முடிச்சிருக்கணும், அதுல 45 அங்கயே படிச்சதா இருக்கணும், ஜிபிஏ, அதாவது மார்க் சராசரி, 2.0க்கு கீழ இறங்கக் கூடாது. ராத்திரி கண்ணு முழிச்சு படிச்சு அவ அந்தக் கணக்கை தாண்டியிருக்கா, அதான் உங்களை கூப்பிடுறா.

எனக்கு இதுல ரொம்ப பிடிச்சதே எல்லாருக்கும் ஒரே டிசைன்ங்கறதுதான். 1894 பேட்ச் மாணவர் இ.சி. ஜோனாஸ் வரைஞ்சது, 1963ல காலேஜ் பேரு மாறினப்போ மோதிரத்துலயும் பேரை மாத்தினாங்க, மத்தபடி பெருசா கை வைக்கல. அவ கைல போட்டதும் கொஞ்சம் கிட்ட வச்சு பாருங்க. மேல கழுகு, கேடயம், 13 கோடு, 5 நட்சத்திரம், ஒரு பக்கம் டெக்சாஸோட பெரிய நட்சத்திரமும் ஓக் இலையும் ஆலிவ் கிளையும், இன்னொரு பக்கம் பீரங்கி, வாள், துப்பாக்கி. உள்பக்கம் அவ பேரு. படிச்சு முடிக்கற வரைக்கும் பேட்ச் வருஷம் தன்னை பாத்த மாதிரி போட்டுக்கணும், பட்டம் வாங்கினதும் வெளிய பாத்த மாதிரி திருப்பிப் போட்டுக்குவாங்க.

யுனிவர்சிட்டி இருக்கற காலேஜ் ஸ்டேஷன்ங்கற ஊர்ல, முன்னாள் மாணவர் சங்க கட்டடத்துலதான் மோதிரம் குடுப்பாங்க. அம்மாவோ அப்பாவோ, ரொம்ப வேண்டப்பட்டவங்க யாராவதோ வாங்கி விரல்ல போட்டு விடுவாங்க. சித்தி போட்டு விடணும்னு அவ நெனச்சிருக்கலாம், முன்னாடியே கேட்டு வச்சுக்குங்க. வெளிய ஆள் உயரத்தை விட பெரிய மோதிர சிலை ஒண்ணு இருக்கு, போட்டோ எடுக்காம யாரும் வரமாட்டாங்க.

இன்னொண்ணு, சில பசங்க ஒரு ஜாடி பீர்ல மோதிரத்தை போட்டு முழுசா குடிச்சு பல்லால கவ்வி எடுப்பாங்க. இதுக்கு யுனிவர்சிட்டி சம்மதம் கிடையாது, உடம்புக்கும் ஆபத்து. அவளுக்கு விருப்பம் இல்லன்னா வேணாம்னு தைரியமா சொல்லச் சொல்லுங்க, மோதிரம் அவளோடதுதான்.

கேள்வி: இப்படி பேட்ச் மோதிரம் போடற பழக்கத்தை முதல்ல ஆரம்பிச்சது யாரு?

பதில்: அமெரிக்கால வெஸ்ட் பாயிண்ட் ராணுவ அகாடமி, 1835 பேட்ச். அங்க இப்போ இன்னொரு நல்ல வழக்கமும் இருக்கு, 2002 பேட்ச்ல இருந்து. காலமான பழைய மாணவர்களோட மோதிரத்தை குடும்பத்துக்காரங்க குடுப்பாங்க, அதையெல்லாம் ஒண்ணா உருக்கி புது தங்கத்தோட கலந்து அடுத்த பேட்ச் மோதிரம் செய்வாங்க. போர்ல போனவங்க மோதிரமும் அதுல இருக்கும்.