ஈஸ்ட் பற்றிப் படிக்க ஆசைப்படும் மகளும், தயங்கும் அப்பாவும்

வணக்கம் அண்ணா.

பாலக்கோட்டிலிருந்து நீங்கள் எழுதியதை முழுக்கப் படித்தேன். மகள் அரசுப் பள்ளியில் பிளஸ் ஒன், பயோ-மேத்ஸ் குரூப். நர்சிங் சேர்த்துவிட்டால் சீக்கிரம் வேலைக்குப் போய்விடுவாள் என்பது உங்கள் எண்ணம். அவளோ நொதித்தல், அதைச் செய்யும் ஈஸ்ட் என்ற நுண்ணுயிர் என்றே பேசிக்கொண்டிருக்கிறாள். "சாராயம் காய்ச்சுற படிப்புக்கா பொண்ண அனுப்புறது?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்கிறார்கள். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. குடியால் நொந்த குடும்பங்கள் நம் மாவட்டத்தில் கொஞ்சநஞ்சமல்ல.

கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். பாப்பா உங்களிடம் கேட்ட கேள்வி அது: "ஆக்சிஜன் இருந்தா அவ்வளவு சக்தி கிடைக்குது, இல்லாட்டி துளியூண்டு. அப்புறம் எதுக்கு ஈஸ்ட் ஆல்கஹால் செய்யுது?" நான் அந்த வரியில்தான் நின்றுவிட்டேன். முதலில் அதற்குப் பதில் சொல்கிறேன், படிப்பு விஷயம் அதிலிருந்தே வரும்.

ஈஸ்ட் செல்லுக்குள் போகும் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு முதலில் இரண்டு பைருவிக் அமிலமாக உடைகிறது. இதற்கு ஆக்சிஜன் தேவையில்லை. செல்லுக்கு மிஞ்சுவது 2 ஏடிபி, அதாவது செல் செலவழிக்கும் சக்தி நாணயம். ஆனால் உடைக்கும்போது சர்க்கரையிலிருந்து கழன்று வரும் ஹைட்ரஜனை ஏற்றிக்கொள்ள என்ஏடி என்ற மூலக்கூறு வேண்டும், அது செல்லில் கொஞ்சம்தான் இருக்கிறது. உங்கள் தக்காளித் தோட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மண்டிக்குப் போன கிரேட் பெட்டி காலியாகித் திரும்பி வராவிட்டால், செடியில் எவ்வளவு பழம் இருந்தாலும் பறிப்பு நின்றுவிடும் இல்லையா? அதே நிலைமைதான். ஆக்சிஜன் இருந்தால், செல்லின் சக்திக் கூடமான மைட்டோகாண்ட்ரியாவில் அந்த ஹைட்ரஜன் கடைசியில் ஆக்சிஜனோடு சேர்ந்து தண்ணீராகிறது, என்ஏடி காலியாகிறது, வழியில் நிறைய ஏடிபியும் கிடைக்கிறது. ஆக்சிஜன் இல்லையென்றால் வேறு எங்காவது இறக்கியாக வேண்டும். பைருவிக் அமிலம் கார்பன் டை ஆக்சைடை விட்டுவிட்டு அசிட்டால்டிஹைடு ஆகிறது, அது ஹைட்ரஜனை வாங்கிக்கொண்டு எத்தில் ஆல்கஹால் ஆகிறது. ஆக, அந்தக் கடைசிப் படியில் ஈஸ்ட்டுக்குப் புதிதாக ஒரு ஏடிபிகூடக் கிடைப்பதில்லை. என்ஏடியைக் காலிசெய்து அடுத்த சர்க்கரையை உடைக்கத்தான் அவ்வளவும்.

ஆக்சிஜன் இருந்தால் எத்தனை ஏடிபி? பழைய பாடநூல்களில் 36 அல்லது 38, இப்போதைய கணக்கில் 30 முதல் 32. ரொட்டி ஈஸ்ட்டில் இதிலும் ஏறக்குறைய பாதிதான், ஏனென்றால் நம் செல்லில் ஏடிபி செய்ய உதவும் ஒரு முக்கியமான புரோட்டான் பம்ப் அதில் கிடையாது. தேர்வில் புத்தகத்தில் உள்ளதையே எழுதட்டும். ஆனால் இதைத் தெரிந்துகொள்ளட்டும், ரொம்ப சந்தோஷப்படுவாள்.

இன்னொன்றும் அவளிடம் சொல்லுங்கள். 1856-ல் பிரான்ஸில் பீட்ரூட்டிலிருந்து ஆல்கஹால் எடுக்கும் தொழில் செய்த ஒருவர், தொட்டிகள் கெட்டுப்போகின்றன என்று தன் மகனின் பேராசிரியரிடம் போய் நின்றார். அந்தப் பேராசிரியர் லூயி பாஸ்டர். ஒரு மாணவனின் அப்பா கொண்டுவந்த தொழில் சிக்கல் அவரை நொதித்தல் ஆராய்ச்சிக்குள் இழுத்தது. காற்று கொடுத்தால் ஈஸ்ட் குறைந்த சர்க்கரையில் அதிகமாக வளர்கிறது, ஆல்கஹால் குறைகிறது என்று 1861-ல் காட்டினார்.

சரி, வேலைக்கு வருவோம். ஒரு கிலோ சர்க்கரையைக் காற்றோடு கவனமாகக் கொடுத்தால் உலர்ந்த எடையில் அரை கிலோ வரை ஈஸ்ட் வளரும். காற்றில்லாமல் விட்டால் 100 கிராம் அளவில்தான், மிச்சமெல்லாம் ஆல்கஹாலும் வாயுவும். 180 கிராம் குளுக்கோஸ் முழுக்க நொதித்தால் கணக்குப்படி 92 கிராம் ஆல்கஹால், 88 கிராம் கார்பன் டை ஆக்சைடு. காற்றை எவ்வளவு விடுவது, சர்க்கரையை எந்த வேகத்தில் ஊற்றுவது என்று முடிவு செய்பவர் கையில்தான் அந்தத் தொழிற்சாலையின் லாபம் இருக்கிறது. சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றியவர்களுக்கு மொலாசஸ் தெரியும், சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் கருப்புப் பாகு. பேக்கரி ஈஸ்ட் தயாரிக்கும் ஆலையில் அதைச் சொட்டுச் சொட்டாக ஊட்டி, காற்றைப் பலமாக அடிப்பார்கள். மொத்தமாகக் கொட்டினால், காற்று இருந்தாலும்கூட இந்த ஈஸ்ட் ஆல்கஹால் பக்கம் போய்விடும். அதே மொலாசஸிலிருந்து வரும் எத்தனால் இன்று பெட்ரோலில் கலக்கப்படுகிறது. 2025-ல் நாடு 20 சதவீதக் கலப்பை எட்டிவிட்டது.

மருந்துத் துறையும் இதேதான். பெங்களூருவில் பயோகான் நிறுவனம் மனித இன்சுலினைப் பிச்சியா என்ற ஈஸ்ட்டில் தயாரிக்கிறது. காற்று இருந்தால் பிச்சியா ஆல்கஹால் பக்கம் போவதில்லை, அதனால் மிக அடர்த்தியாக வளர்க்க முடியும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசியும் ஈஸ்ட்டில் தயாராவதுதான். பெரியவர்களிடம் இதைச் சொல்லுங்கள் அண்ணா. வீட்டில் யாருக்காவது சர்க்கரை நோய் இருந்தால் உடனே புரியும்.

நம் ஊர்ப் பக்கம் என்றால் கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைகள். கூழில் ஈஸ்ட் புகுந்தால் வாயு சேர்ந்து பை உப்பிவிடும், சரக்கு வீண். அதனால் கூழைச் சூடாக்கி, கிருமி புகாமல் பையில் அடைத்து, ஈஸ்ட்-பூஞ்சை எண்ணிக்கை பார்த்துத்தான் அனுப்புவார்கள். அந்தப் பரிசோதனைக் கூடத்தில் மைக்ரோபயாலஜி, உணவுத் தொழில்நுட்பம் படித்தவர்களுக்கு வேலை உண்டு. ஆனால் மாம்பழ சீசன் சில மாதங்கள்தான். சீசன் வேலையை நிரந்தர வேலை என்று நம்பி யாரும் படிப்பைத் தேர்ந்தெடுக்கக் கூடாது.

அவள் கணிதமும் எடுத்திருப்பது நல்ல விஷயம், பி.டெக் வழி திறந்திருக்கிறது. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தில் உணவுத் தொழில்நுட்பம், உயிர்த் தொழில்நுட்பம் இரண்டும் உண்டு. சென்னை அருகே கொடுவள்ளியில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் உணவு மற்றும் பால்வளத் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழக வளாகத்தின் ஏ.சி. டெக் (அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி) இன்னொன்று. தஞ்சாவூரில் உள்ள மத்திய அரசு உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்துக்கு மட்டும் ஜேஇஇ மெயின் எழுத வேண்டும். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்குப் பொறியியல், வேளாண், கால்நடைப் படிப்புகளில் 7.5 சதவீத இடஒதுக்கீடு உண்டு, அதில் சேர்ந்தால் கட்டணத்தை அரசே கட்டுகிறது. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். உங்கள் செலவுக் கவலைக்கு இதைத்தான் நான் முதலில் சொல்வேன்.

பி.டெக் இடம் கிடைக்காவிட்டால் பி.எஸ்சி மைக்ரோபயாலஜி அல்லது பயோகெமிஸ்ட்ரி. ஆனால் பி.எஸ்சியோடு நிறுத்தினால் ஆரம்பச் சம்பளம் மனத்தை நோகடிக்கும். எம்.எஸ்சி வரை போகத் தயாராக இருக்க வேண்டும். மைசூருவில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனமான சிஎஃப்டிஆர்ஐ-யில் உணவுத் தொழில்நுட்ப எம்.எஸ்சி இருக்கிறது, அங்கே இடம் கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம். உணவுப் பாதுகாப்பு அலுவலர் பணிக்கும் மைக்ரோபயாலஜி, பயோகெமிஸ்ட்ரி பட்டங்கள் செல்லும், அது அரசு வேலை.

தனியார் கல்லூரியில் பயோடெக் என்று பெரிய போர்டு இருந்தால் மட்டும் பணத்தைக் கட்டிவிடாதீர்கள். லேபுக்குள் போய், நுண்ணுயிரை வளர்க்கும் தொட்டியான ஃபெர்மென்டர் இருக்கிறதா, அதை மாணவர்களே இயக்குகிறார்களா என்று கேளுங்கள். மூன்றாம் வருடப் பிள்ளை ஒருவரைத் தனியாகக் கேட்பது இன்னும் நல்லது. கருவி துணி மூடித் தூசியோடு இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

நர்சிங்கை நான் குறைவாகச் சொல்லவில்லை. மனிதர்களைப் பார்த்துக்கொள்வதில் விருப்பம் இருப்பவர்களுக்கு அது நல்ல வாழ்க்கை. பாப்பாவுக்கு எது பொருந்தும் என்று பார்க்க, வரும் விடுமுறையில் இதைச் செய்யச் சொல்லுங்கள். பேக்கரிப் பொருள் கடையில் ஒரு சின்ன ஈஸ்ட் பாக்கெட் வாங்கி, ஒரே அளவு வெதுவெதுப்பான தண்ணீரில், வெவ்வேறு அளவு சர்க்கரை போட்டு, மூன்று பாட்டில்களின் வாயில் பலூன் மாட்டட்டும். மூடி போட்டு இறுக்கக் கூடாது, வாயு சேர்ந்து வெடிக்கும். அந்தத் தண்ணீரைக் குடிக்கவும் கூடாது. எந்தப் பலூன் எவ்வளவு நேரத்தில் உப்பியது என்று நோட்டில் எழுதட்டும்.

ஒரு தடவை பார்த்துவிட்டு வைத்துவிட்டால் அது வெறும் ஆர்வம், நர்சிங் பற்றித் தாராளமாகப் பேசலாம். சர்க்கரை அதிகமாகப் போட்ட பாட்டில் ஏன் எதிர்பார்த்தபடி உப்பவில்லை என்று மறுபடி மறுபடி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தால், அந்த நோட்டையும் பிளஸ் ஒன் மதிப்பெண் பட்டியலையும் எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் வாருங்கள். எந்தக் கவுன்சிலிங்குக்கு எப்போது விண்ணப்பிப்பது என்று உட்கார்ந்து எழுதிவிடலாம்.